ஒரு சாண் கம்ப்யூட்டர்

என் வேலையே சந்தேகப்படுவதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக, வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதிக்கிறேன். லாரியிலிருந்து இறங்கும் எந்தப் பெட்டியும் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், சரியில்லை என்றால் சிவப்பு, முடிவு தெரியாமல் நிறுத்தி வைத்தால் மஞ்சள். எது ஒட்டினாலும் அதில் என் கையெழுத்து இருக்கும். சரக்கு கொண்டுவருகிறவர்கள் பேசுவார்கள் பாருங்கள், தேன் ஒழுகும். "புது மெஷின்ல போட்டது சார், கண்ண மூடிக்கினு எடுத்துக்கலாம் சார்." எவன் கண்ணை மூடச் சொல்கிறானோ அவன் பெட்டியில்தான் நான் இரண்டு பீஸ் கூடுதலாக எடுத்து அளப்பேன். "வாய் வார்த்தை வேணாம் நைனா, எழுத்துல இருந்தா காட்டு" என்பேன். சர்டிபிகேட் கைக்கு வரும்வரை பெட்டி வெயிலில்தான் கிடக்கும்.

இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. கீரைக் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்வேன். என் மனைவி ஒருமுறை கேட்டாள்:

"என்ன கட்டிக்கினு வந்தப்ப எனக்கு எந்த ஸ்டிக்கர் ஒட்டினீங்க?"

"பச்சதான்."

"மெய்யாலுமா? நான் இன்னும் மஞ்சள்ல கீறேன்னு நெனச்சினு இருந்தேன்."

அன்றைக்குச் சிரித்தோம். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரிய ஒரு கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது.

அவளுக்கும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்கிற கம்பெனி. நீளமான பலகை நகர்ந்து வரும். அதன்மேல் வயரைப் பரப்பி, மடக்கி, டேப் சுற்றி அடுத்த ஆளிடம் விட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. பதினோரு வருஷமாக நான்காம் நம்பர் இடத்தில் நிற்கிறாள். குதிகால் இரண்டும் போய்விட்டது. வேலை முடிந்து வந்ததும் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேல் காலை வைத்து உருட்டிக்கொண்டே காய் நறுக்குவாள். டாக்டரிடம் போனால் நிற்காதே என்கிறார். நிற்காமல் இருக்க அந்தக் கம்பெனியில் ஒரே வழிதான் உண்டு, லைன் லீடர் ஆக வேண்டும். லீடருக்கு ஒரு நாற்காலி தருவார்கள். எங்கள் இருவர் குடும்பத்திலும் எங்களுக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நாற்று நட்டவர்கள். நாங்கள் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டோம், உட்காருவதுதான் பாக்கி என்று அவளே சொல்வாள்.

வீடு செவ்வாப்பேட்டையில். இருவருக்கும் வெவ்வேறு கம்பெனி பஸ், திருநின்றவூர், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அவளுக்கு முதல் ஷிப்ட், விடிய ஐந்து மணிக்கே வண்டியில் கொண்டுபோய் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வருவேன்.

தீபாவளி போனஸ் வந்த வாரம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு கீறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நான் சிரித்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் அவள் சொல்ல வந்ததை முழுங்கிவிட்டாள். போனை மட்டும் நீட்டினாள். படத்தில் யாரோ ஒருவருடைய உள்ளங்கை. அதன்மேல் ஒரு லேப்டாப் திறந்தபடி இருக்கிறது. மூடினால் சட்டைப் பைக்குள் போகும்போல. பொம்மைக் கடையில் ஸ்கூல் பிள்ளைக்கு வாங்குவார்களே, அந்த அளவு.

"இன்னும் கொஞ்சம் துட்டு போட்டா நல்லா பெருசாவே வாங்கலாமே" என்றேன்.

"பெருசு வேணாம்."

"ஏன்?"

"சின்னதுதான் வேணும். எடுத்துக்கினு போக சுலுவு."

அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. கொசுறு வாங்காமல் கொத்தமல்லி வாங்காதவள். ஒரு குடம் வாங்கினாலும் கடையிலேயே பெரிசாக எது இருக்கிறது என்று கேட்பவள். அவள் சின்னதுதான் வேண்டும் என்கிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. என் அனுபவத்தில், ஒரு பொருளைச் சின்னதாகச் செய்வது ஒன்று ஏமாற்றுவதற்கு, இல்லாவிட்டால் ஒளிப்பதற்கு. பிஸ்கட் பாக்கெட் சின்னதாவது ஏமாற்றுவதற்கு. இது எதற்கு?

அவள் போனஸ், அவள் இஷ்டம், நான் தடுக்கவில்லை. வீட்டில் ஆன்லைன் கணக்கு என் போனில்தான் இருக்கிறது. ஆர்டரை நானே போட்டேன். பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

புதன்கிழமை பெட்டி வந்தது. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நான் பரிசோதனைக்கு உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலும் ஒரு வெர்னியர் வைத்திருக்கிறேன், அளவு பார்க்கும் அந்தக் கருவி இல்லாமல் எனக்குக் கை ஓடாது. நீளம் ஒரு சாணுக்கும் கம்மி. என் இரண்டு கையையும் பட்டன்கள்மேல் வைத்தால் கட்டைவிரல் இரண்டும் மோதிக்கொண்டன. ஒன்றை அழுத்தினால் மூன்று விழுந்தது. அதிகம் தேவைப்படாது என்று நினைத்தார்களோ என்னவோ, முற்றுப்புள்ளியைக் கொண்டுபோய் எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். எனக்கு வெள்ளெழுத்து வேறு. திரையில் இருந்தது எழுத்தா எறும்பா என்று தெரியவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டதும் அடிப்பக்கம் சுட்டது, உள்ளே இருந்த குட்டி ஃபேன் காதருகில் வந்த கொசுபோல கத்தியது. சார்ஜ் பாதி நாளைக்கு என்று பெட்டியில் போட்டிருந்தான், என் கணக்குக்கு அதில் பாதிகூட நிற்காது. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குச் செலவழித்தது தண்டம் என்று யாராயிருந்தாலும் சொல்லிவிடுவார்கள்.

"தண்டம்" என்று சொன்னேன்.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். பட்டன்கள்மேல் அவள் விரல்கள் போவதைப் பார்த்தேன். நூல் தடிமன் வயரைப் பதினோரு வருஷமாகப் பொருத்துகிற விரல்கள். அவற்றுக்கு அந்த இடமே தாராளமாக இருந்தது. ஒன்றும் மோதவில்லை, ஒன்றும் தவறி விழவில்லை. கண்ணால் பார்த்தும் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அதன் அடியில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். விளையாட்டுக்குத்தான். அவள் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழுப்பப் பாரு" என்றாள்.

மறுநாளிலிருந்து அது அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போக ஆரம்பித்தது. டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், ஒரு கைக்குட்டையில் சுற்றி. ஸ்டாப்பில் இறக்கிவிட்டால் முன்பெல்லாம் பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக ஏதாவது சொல்வாள், கேஸை மூடு, வாசல் பூட்டை இழுத்துப் பார் என்று. இப்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குனிந்துகொண்டாள். முகத்தில் அந்தத் திரை வெளிச்சம். யாருக்கு எழுதுகிறாள்? என்ன எழுதுகிறாள்? வீட்டுக்கு வந்ததும் அதைத் திறப்பதே இல்லை. கேட்டால், "சும்மா, கத்துக்கினு கீறேன்" என்றாள். கத்துக்கொள்கிறவள் வீட்டில் திறக்க மாட்டாளா?

சனிக்கிழமை அவள் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் கல்யாண நாளைப் போட்டேன், இல்லை. ஹாஸ்டலில் படிக்கிற மகளின் பிறந்த நாள், இல்லை. அவளுடைய ஊர் பொதட்டூர்பேட்டை, அதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் போட்டேன், அதுவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு அந்தக் கறுப்புத் திரை முழுக்கப் பேயாகவே தெரிந்தது. கேவலமான நினைப்பெல்லாம் வந்தது. அதை எழுத எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அவளுடைய லைன் சூப்பர்வைசர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்காருவது பல வருஷப் பழக்கம். என் அப்பா விழுந்து தலையில் அடிபட்ட அன்று, தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அதற்கப்புறம் அவரை நான் அளந்து பார்த்ததில்லை. உலகத்தில் நான் பரிசோதிக்காமல் பச்சை ஒட்டிய ஒரே ஆள் என்று சொல்லலாம். எங்களிடம் பேசும்போது என் மனைவியை அண்ணி என்பார். கம்பெனிக்குள் டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். டூட்டி என்றால் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன்.

"உங்க லைன்ல லேடீஸுக்கு கம்ப்யூட்டர் வேலை எதனா குட்த்து கீறீங்களா?"

"கம்ப்யூட்டரா? எங்க லைன்ல இன்னா கம்ப்யூட்டர்ணா? ஏன் கேக்கறே?"

சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் அடுத்தவளைக் கெடுத்தேன். சின்னக் கம்ப்யூட்டர், பஸ்ஸில் போக வர டைப் அடிக்கிறது, பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். இவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டதில்லை. அக்கறை என்று நினைத்தேன்.

"அண்ணி பஸ்ல டைப் அடிக்குதா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"வியாழக்கிழமைலர்ந்து."

டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "அதெல்லாம் பொம்மைண்ணா. மூணு மாசத்துல பேட்டரி பூடும், ரிப்பேருக்கு ஆளே கெடைக்காது. ஊட்ல பேஜாரு வேற. ரிட்டர்ன் டைம் கீதுல்ல? பேசாம திருப்பி உட்டுரு."

நான் நினைத்ததையே அவர் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

திங்கட்கிழமை வேலையிலிருந்தே என் போனில் திருப்பி அனுப்பப் பதிவு செய்தேன். காரணம் என்ன என்று ஒரு பட்டியல் காட்டியது. உடைந்திருந்தது, வேறு பொருள் வந்துவிட்டது, தரம் சரியில்லை, தேவையில்லை. தரம் சரியில்லை என்று போட்டால் போட்டோ கேட்டது. அதனால் தேவையில்லை என்பதைத் தொட்டேன். செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ள அந்த நாளைக் குறித்தேன்.

அடுத்துச் செய்ததுதான் அயோக்கியத்தனம். திங்கட்கிழமை படுக்கப் போகுமுன் அவள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தாள். நான் ஸ்விட்சை அணைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எடுத்துப் பார்த்தபோது, போட்டபோது இருந்த சொச்சம்தான் இருந்தது.

"ஐயோ, ஏறவே இல்லியே."

"ஸ்விட்ச் போட மறந்துட்டே போல. வெச்சிட்டுப் போ, நான் போட்டு வெக்கிறேன்."

"மறக்காம போடுங்க, நாளைக்கு அவசியம் வேணும்" என்றாள். அவசரத்திலும் நின்று அதைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

திருப்பி அனுப்பும் முன் உள்ளே இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை. பாஸ்வேர்டு இல்லாமலே அழிக்க ஒரு வழி உண்டு, வீடியோ பார்த்துச் செய்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். திரும்பக் கிடைக்காது என்றது. பரவாயில்லை. உறுதியாகவா என்றது. ஒரு மெஷின் என்னைவிட யோசிக்கிறதே என்று எரிச்சல் வந்தது. உறுதியாகத்தான். பதினொரு மணிக்குத் தோளில் பை மாட்டிய டெலிவரிக்காரர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அடியில் ஒட்டியிருந்த என் மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். வேலையில் சுத்தம்!

நாலரைக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"சார்ஜ் ஏறிச்சா?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

"எத?"

"கம்ப்யூட்டர. டைம் முடியறதுக்குள்ள அனுப்பணும்ல. தண்டம்னு அன்னிக்கே சொன்னேன். துட்டு பூரா வந்துடும், கவலப்படாத."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். கட்டில்மேல், தலையணைக்கு அடியில் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள இருந்தது?"

"அழிச்சிட்டுத்தான் அனுப்பணுமாம்."

அவள் அழுவாள், கத்துவாள், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர்கள் கம்பெனியில் கைசன் என்று ஒன்று உண்டு, எங்கள் கம்பெனியிலும் உண்டு. வேலையை லேசாக்குகிற யோசனையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்தால் பரிசு, போட்டோ, சுவரில் பெயர். இந்த முறை நல்ல யோசனை கொடுக்கிறவரை லைன் லீடருக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை கடைசி நாள். அவளிடம் யோசனை இருந்தது. டேப் சுருள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் உள்ள தட்டில் இருக்கும்; ஒவ்வொரு கட்டுக்கும் திரும்பி எடுக்க வேண்டும். அதைப் பலகையின் கீழ் ஓரத்தில், இடுப்புக்கு நேராக ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் திரும்பவே வேண்டாம். கொக்கிக்கு வீட்டுச் சமையலறையில் கரண்டி மாட்டுகிற கம்பியைத்தான் வளைத்துக்கொண்டு போயிருந்தாள். சூப்பர்வைசர்கூட அதைப் பார்த்துவிட்டு என்ன என்று விசாரித்திருக்கிறார். கொக்கியோடு ஒரு நாள், இல்லாமல் ஒரு நாள் என்று எத்தனை தடவை திரும்பினாள், எவ்வளவு நேரம் மிஞ்சியது, எந்த மணிக்கு மேல் கால் வலி வந்தது, எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்து, பஸ் ஏறியதும் மறப்பதற்குள் எழுதியிருக்கிறாள். படம்கூடக் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாளாம்.

"போன்லயே எழுதியிருக்கலாமே" என்றேன். இன்னும் என் பக்கத்தை விடவில்லை, பாருங்கள்.

"அவங்க குட்த்த ஃபார்ம் போன்ல தெறக்கல. கம்ப்யூட்டர்லதான் அடிச்சி அனுப்பணும்."

"கம்பெனியிலயே ஒண்ணு இருக்குமே?"

"இருக்குது, சூப்பர்வைசர் மேசைல. எங்க யோசனைய நாங்க சொன்னா அவர் அடிச்சித் தருவாரு. அவர் பேரு மேல, எங்க பேரு கீழ. ரெண்டு நாள் போனா கீழ இருக்கற பேரே காணாம பூடும். மூணு வருசமா பாத்துக்கினுதான கீறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? ஞாயித்துக்கெழம யார் கூட டீ குடிக்கிறீங்க?"

அவளுடைய சாப்பாட்டுப் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"ஏன் சின்னதா வாங்கினேன்னு ஒரு நாளாவது ஒழுங்கா கேட்டீங்களா?" என்றாள். "உள்ள எதையும் எடுத்துக்கினு போவக் கூடாது. கேட்டாண்ட செவுத்துல செல்போன் வெக்கறதுக்கு வரிசையா பெட்டி கீது, ஆளுக்கு ஒண்ணு. ஒரு ஜாண் நீளம், நாலு விரல் ஒசரம். பெரிய கம்ப்யூட்டருன்னா கேட்லயே திருப்பி அனுப்பிடுவான். அந்தப் பெட்டிக்குள்ள போற மாதிரிதான் தேடித் தேடி வாங்கினேன். ரெண்டு வாட்டி கையால அளந்து பாத்துக்கினு வந்தேன்."

அந்தக் கம்ப்யூட்டரின் நீளம், அகலம், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அது எதற்குள் பொருந்த வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. என் மேசைக்கு வரும் எந்தப் பொருளையும் அது எங்கே பொருந்தப்போகிறது என்ற வரைபடம் இல்லாமல் நான் அளந்ததே கிடையாது. முதல் பாடமே அதுதான்.

"இன்னா காரணம்னு போட்டீங்க?" என்று கேட்டாள். "திருப்பி அனுப்பணும்னா காரணம் கேப்பான்ல?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"தேவையில்லன்னா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து கையால் எழுதினாள். திருவள்ளூரில் ஒரு கடையில் டைப் அடிக்கக் கொடுக்கலாம் வா என்றேன். நாள்வாரிக் கணக்கு பாதிக்கு மேல் ஞாபகம் இல்லை, பொய்யாக ஒரு எண்ணைப் போட மாட்டேன் என்றுவிட்டாள். வியாழக்கிழமை அந்தத் தாள்களைக் கொண்டுபோனாள். கணக்கு இல்லாத ஃபார்மை வாங்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். பக்கத்திலேயே நின்றிருந்த சூப்பர்வைசர், "குட்த்துட்டுப் போம்மா, நான் அடிச்சித் தரேன்" என்று கை நீட்டினாராம். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். பால் வாங்கப் போனவனை அவர்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சொன்னார்.

"இன்னாண்ணா விசேஷம் தெரியாதா? கைசன்ல நமக்குத்தான் ஃபர்ஸ்ட். போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல போட்டுகீறாங்க. டேப்ப பின்னாடி வெக்காம முன்னாடி கொக்கில மாட்டறது. சின்ன மேட்டருதான், ஆனா சோக்கா வந்துச்சி. நாள்வாரியா கணக்கு எடுத்துக் காட்டினேன்."

 "அந்தக் கொக்கி என் ஊட்டுக் கரண்டிக் கம்பி" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் பொண்டாட்டி யோசன அது. திருட்டுப் பயலே, பஸ்ல நாலு நாள் உக்காந்து எழுதினா!"

அவர் கோபப்படவே இல்லை. பஜ்ஜியைச் சட்னியில் தொட்டபடி என்னைப் பார்த்தார்.

"எழுதினாங்களா? அப்பிடின்னா நல்லதாப் போச்சு. எழுத்துல இருந்தா காட்டுண்ணா."

என் வாசகம். இருபத்திரண்டு வருஷமாக லாரிக்காரர்களை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு நான் சொன்னது.  பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் பாட்டிலைக் காலடியில் உருட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் முதல் நாள் நான் உளறியது, அவர் நாள் கணக்கு விசாரித்தது, ஸ்விட்சை அணைத்தது, இன்று கேட்டுவிட்டு வந்தது. ஸ்விட்ச் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. பாட்டில் உருளுவது நின்றது.

"நான்தான் மறந்துட்டேன்னு இத்தினி நாளா என்னையே திட்டிக்கினு இருந்தேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அழுகைகூட வந்தது எனக்கு. அவள் வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

அந்த நாற்காலிக்கு வேறு லைனிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். என் மனைவி நான்காம் நம்பர் இடத்திலேயே நிற்கிறாள். கொக்கி இப்போது எல்லா இடத்திலும் மாட்டியிருக்கிறதாம், திரும்ப வேண்டியதில்லை, அந்த மட்டுக்கும் கால் வலி குறைவு என்கிறாள். பொங்கல் முடிந்து அவளே போய் அதே மாதிரிச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை, யாரோ வைத்திருந்ததை, வாங்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் காட்டவில்லை. அளந்து பார்க்கச் சொல்லவும் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒருவர், பையில் போட்டுக்கொள்கிற குட்டிக் கம்ப்யூட்டர் வருகிறதே, வாங்கலாமா, துட்டுக்குத் தகுமா என்று என்னைக் கேட்டார். நான் அவ்வளவு சந்தேகப் பேர்வழி என்பதால் சரியாகச் சொல்வேன் என்று நம்பிக் கேட்கிறார். ஃபேன் கத்தும், அடி சுடும், கண்ணுக்குத் தெரியாது என்றேன். வீட்டில் யாருக்கு வேண்டுமோ அவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றேன்.

காலையில் இப்போதும் ஸ்டாப்பில் கொண்டுபோய் விடுகிறேன். டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் அந்தக் கைக்குட்டைச் சுருணை இருக்கும். ஒரு நாள், சார்ஜ் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சார்ஜரையும் பைக்குள்ளேயே வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள்.